வெல்மாவுக்குப் பேய் பிடித்த கதை

வெல்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது.

இதைக் கேட்டதும் நேயர்களில் பாதிப் பேர் "யார் அந்த வெல்மா?" என்று கேட்பார்கள். வீட்டில் குழந்தைகள் உள்ள மற்றப் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். ஆனால் அவளுக்குப் பேய் பிடித்ததை ஓர் அநியாயம் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். நான் எண்ணுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெல்மா ஒரு கார்ட்டூன் பெண். குட்டை முடி, தடித்த கண்ணாடி, ஆரஞ்சு நிறக் கம்பளிச் சட்டை. ஹன்னா-பார்பெரா நிறுவனத்தார் தயாரித்த கார்ட்டூன் தொடர் ஒன்றில், 1969-ஆம் வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி சனிக்கிழமை காலையில், அமெரிக்க டெலிவிஷனில் அவள் முதன்முதலாகத் தோன்றினாள். கூட ஃபிரெட், டாஃப்னி, ஷாகி என்று மூன்று சிநேகிதர்கள். ஸ்கூபி டூ என்று ஒரு நாய். வர்ணம் தீட்டிய ஒரு வேனில் இவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். போகிற ஊரிலெல்லாம் ஒரு பேய் காத்துக்கொண்டிருக்கும். எல்லோரும் ஓடுவார்கள், நாயும் ஷாகியும் எல்லோருக்கும் முன்னால் ஓடுவார்கள். வெல்மா மட்டும் ஓடிக்கொண்டே யோசிப்பாள். கடைசியில் பேய் வலையில் விழும். முகமூடியைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே ஒரு மனிதன் விழித்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மனிதன் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் கதையில் மியூசியத்தில் உலவும் கறுப்புக் கவச வீரன் யாரென்று பார்த்தால், அந்த மியூசியத்தின் பொறுப்பாளரேதான். ஓவியங்களைக் கடத்துவது அவர் தொழில். இன்னொரு கதையில் பழைய சுரங்கத்தில் ஒரு பேய். முகமூடியைக் கழற்றினால் அந்த இடத்தைக் காவல் காக்கும் வேலைக்காரன். சுரங்கத்துக்கு அடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். முதலாளி பயந்துபோய் இடத்தை விற்றுவிட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. கடல் கொள்ளைக்காரனின் பேய் கப்பல்களைக் கொள்ளையடிக்கிறது என்றார்கள். கொள்ளையடித்தவர் அந்தக் கப்பல்களின் சொந்தக்காரர். ஒரு தீவில், ஓர் இரவு முழுவதும் தங்கினால்தான் வாரிசுகளுக்குச் சொத்து என்று உயில். அங்கே பேயாக வந்தவர்கள் அந்த உயிலைக் கையாண்ட வக்கீல்கள்!

1969, 1970 வருஷங்களில் வந்த முதல் தொடரில் மொத்தம் 25 கதைகள். ஒரு கதையில் மனிதனுக்குப் பதில் யந்திரம் ஒன்று அகப்படும். மற்றபடி வந்தவர்கள் பெரும்பாலும் ஆசை பிடித்த மனிதர்கள். பேய் என்று ஒன்று ஒருமுறைகூட நிஜமாக இருந்ததில்லை. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே அதை வைத்துப் பிழைக்கிறவன் ஒருவன் இருப்பான் என்பதை, பாடம் என்றே தெரியாமல் குழந்தைகளுக்குப் புகட்டிய தொடர் அது. எங்கள் தேசத்துப் பெரியவர்கள் பலருக்கே அந்தப் பாடம் இன்னும் ஏறவில்லை.

நிற்க. அந்த முதல் ஒளிபரப்பு நடந்து சரியாக நாற்பது வருஷம் ஆன அன்று, அதாவது 2009 செப்டம்பர் 13-ஆம் தேதி, கார்ட்டூன் நெட்வொர்க்கார்கள் ஒரு படத்தை ஒளிபரப்பினார்கள். இது கார்ட்டூன் அல்ல. நிஜ மனிதர்களை நடிக்க வைத்து, டெலிவிஷனுக்கென்றே எடுத்த முழுநீளப் படம். இந்த நால்வரும் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சிநேகிதர்கள் ஆனார்கள் என்பது கதை. டைரக்டர் பிரையன் லெவான்ட். நாய் மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்த நாய். பிறந்தநாள் விழா அல்லவா? விருந்து எப்படி என்றால், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேய்கள் வருகின்றன. இரண்டும் நிஜப் பேய்கள். மந்திரம் சொல்லி எழுப்பிய அசல் ஆவிகள். எழுப்பியவன் ஒரு மனிதன்தான், அவன் பிடிபடுகிறான் என்பது வாஸ்தவம். ஆனால் பேய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு மனிதனைப் பிடித்து என்ன பிரயோஜனம்?

மறு வருஷம் 2010 அக்டோபரில் இரண்டாவது படம் வந்தது. ஓர் ஏரி, அதில் ஒரு பூதம், அதற்குப் பின்னால் எப்போதோ செத்துப்போன சூனியக்காரி ஒருத்தியின் ஆவி. அந்த ஆவி யாருக்குள் புகுந்துகொள்கிறது தெரியுமா? வெல்மாவுக்குள். நாற்பது வருஷமாகப் பேய்களின் முகமூடியைக் கழற்றி வந்த பெண்ணைப் பேயே பிடித்து ஆட்டுகிறது! போலீஸ்காரர் வீட்டில் திருட்டுப் போனால் நாம் சிரிக்கலாம். போலீஸ்காரரே திருடனாகிவிட்டால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்தப் படத்தை நான் பார்த்தது ஏற்காட்டில். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு ஆயிற்று என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஏரிப் பூதத்தைப் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு என் தங்கையின் குழந்தைகளும் வந்திருந்தார்கள். வெளியே மூடுபனி. எட்டு வயதுப் பெண் படம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "மாமா, அப்போ கார்ட்டூன்ல வெல்மா அக்கா சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். அந்தப் படத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது.

இந்தக் கெடுதலை டெலிவிஷன் படங்கள்தான் தொடங்கி வைத்தன என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. கார்ட்டூனிலேயே 1985-இல் பதின்மூன்று நிஜப் பேய்களைக் கொண்டுவந்தார்கள். 1998-இல் ஒரு கார்ட்டூன் படத்தில், 'இந்தத் தடவை பேய் நிஜம்' என்பதையே பெரிய புதுமையாகக் காட்டினார்கள். 2002-இல் தியேட்டருக்கு வந்த நடிகர்கள் படத்திலும் அசல் பிசாசுகள். 2004-இல் வந்த அடுத்த படம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். பழைய கதைகளில் பிடிபட்ட வேஷங்களையும் முகமூடிகளையும் ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு யந்திரத்தின் சக்தியால் அந்த வெற்று வேஷங்களே உயிர்பெற்று எழுந்து ஊரைத் துரத்துகின்றன! தாங்கள் செய்கிற காரியம் என்ன என்பதை அந்தத் தயாரிப்பாளர்களே இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். கார்ட்டூனில் பேயும் கோடு, பெண்ணும் கோடு, நாயும் கோடு. எல்லாமே மையினால் ஆனவை என்று பார்க்கிற குழந்தைக்குத் தெரியும். ஆகவே அங்கே முகமூடியைக் கழற்றுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் அப்படி இல்லை. பெண் நிஜம், வீடு நிஜம், மரம் நிஜம். பேயை மட்டும் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். நிறையச் செலவழித்துச் செய்கிறார்கள். பெரும் பணம் கொடுத்துச் செய்த பேயை, கடைசியில் 'இது வெறும் போர்வை' என்று சொல்ல எந்த முதலாளிக்கு மனம் வரும்? இதில் வேடிக்கை என்னவென்றால், டெலிவிஷன் படத்துக்குக் கையில் காசு குறைவு. ஒரு முகமூடி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு டார்ச் லைட், இவ்வளவு இருந்தால் அசல் ஸ்கூபி டூ கதையை மலிவாக எடுத்துவிடலாம். சிக்கனமும் தர்மமும் ஒரே பக்கம் நின்றும், அவர்கள் மறுபக்கம் போனார்கள்!

இந்த இடத்தில், கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. மர்மக் கதை என்பது எழுதுகிறவனும் படிக்கிறவனும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். 'உன் அறிவால் எட்ட முடியாத எதையும் கொண்டுவந்து உன்னை ஏமாற்ற மாட்டேன்' என்பதுதான் அதில் முதல் ஷரத்து. ரொனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்கு 1929-இல் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அமானுஷ்ய சக்திகளுக்கு இங்கே வேலை இல்லை என்பது அவற்றில் ஒன்று. அவர் நாஸ்திகரா? இல்லை, கத்தோலிக்கப் பாதிரியார். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஆவிகளோடு பேச முடியும் என்று மனப்பூர்வமாக நம்பியவர். ஊர் ஊராகப் போய் அதைப் பிரசங்கம் செய்தவர். ஆனால் ஹோம்ஸ் வீட்டு வாசற்படியை ஓர் ஆவிகூட மிதிக்க அவர் விடவில்லை. 1901-இல் தொடராக வரத் தொடங்கிய பாஸ்கர்வில் நாய்க் கதையில், பரம்பரைச் சாபம் என்று எல்லோரும் நடுங்கிய பேய் நாய் கடைசியில் என்ன? நெருப்புப் போல் ஒளிரும் மருந்தைத் தடவிய சாதாரண நாய். ஏவியவன் சொத்துக்கு ஆசைப்பட்ட உறவுக்காரன். ஸ்கூபி டூவுக்கு அதுவே பாட்டன் என்பேன். அங்கே நாயைப் பேய் என்றார்கள். இங்கே நாய் பேயைக் கண்டு ஓடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

'இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கு என்ன?' என்று கேட்கலாம். நமக்கும் அந்தப் பரம்பரை உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் சாலையில், மலையேறுவதற்கு முன்னால், மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு நிற்கிறது. உள்ளே இருந்த ஸ்டூடியோ போய்விட்டது. வளைவு மட்டும் மிச்சம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மர்ம நாவலை 'திகம்பர சாமியார்' என்ற படமாக டி. ஆர். சுந்தரம் 1950-இல் கொண்டுவந்தது அந்த ஸ்தாபனத்திலிருந்துதான். அதில் துப்பறிகிறவரே வேஷத்துக்கு மேல் வேஷமாகப் போட்டுக்கொண்டு வருவார், நம்பியார் அமர்க்களப்படுத்தியிருப்பார். 1966-இல் வந்த 'யார் நீ?' படத்தில் வெள்ளைச் சேலையில் வந்து கதாநாயகனைக் கலங்க அடிக்கும் பெண் பேய் அல்ல. அவனைப் பைத்தியமாக்கிச் சொத்தை அடிக்கச் செய்த சூழ்ச்சி. 1967-இல் வந்த 'அதே கண்கள்' முழுவதும் ஒரு முகமூடி பயமுறுத்தும். உள்ளே இருந்தவன் மனிதன். அமெரிக்கக் குழந்தைகளுக்கு வெல்மா சொல்வதற்கு முன்பே, நம் ஊர் டெண்டுக் கொட்டகைகளில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 2005-இல் 'சந்திரமுகி'யில்கூட, அத்தனை சலங்கைச் சத்தத்துக்குப் பிறகும், அது வியாதி என்று சொல்ல ஒரு டாக்டர் வந்தார். அதற்கப்புறம் நம் பேய்கள் ஒவ்வொன்றாக நிஜமாகிக்கொண்டே வந்தன.

இப்போது ஏற்காட்டுப் பேய் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு தோட்டங்கள் வந்தன. தோட்டங்களுக்குப் பங்களாக்கள் வந்தன. துரைகள் போன பிறகு பங்களாக்களுக்குப் பேய்கள் வந்தன. ஊரும் பெயரும் வேண்டாம், அப்படி ஒரு பங்களாவின் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு யாரும் போக மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். துரைசானி ஒருத்தி வெள்ளைக் கவுனும் கையில் விளக்குமாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடப்பாளாம். அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் பழம் பறித்த ஒரு கிழவியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "துரைசானி கார்த்திகை மாசம் பொறந்தாத்தான் வருவா தம்பி. தை மாசம் போயிருவா. ஆடியில ஒருத்தரும் பார்த்ததில்லை."

கார்த்திகை முதல் தை வரையில் இந்த மலையில் என்ன விசேஷம்? காப்பிப் பழம் பழுக்கும் காலம். பறித்த பழத்தைக் களத்தில் காயப்போடும் காலம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் இரவுகளில் எத்தனை மூட்டைகள் எந்த வழியாக இறங்கின என்பது அந்தத் துரைசானிக்கே வெளிச்சம். கிழவி பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கினவள்கூட இல்லை. ஆனால் அவள்தான் வெல்மா.

இதைக் கொண்டு மலைமேல் இருக்கிறவர்களின் நம்பிக்கையையெல்லாம் நான் பரிகாசம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம். இந்த மலையின் பூர்வகுடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் பூர்வ கதையைத் தமிழிலேயே சொல்கிறவர்கள். அவர்கள் கும்பிடும் சேர்வராயன் உச்சியில் ஒரு குகைக்குள் இருக்கிறார். அந்தக் குகை காவிரி வரையில் போகிறது என்பார்கள். இந்தக் கதையால் யாருடைய நிலமும் பறிபோகவில்லை. யாருடைய மூட்டையும் காணாமற்போகவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மலையைத் தங்கள் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவே. சாமியாகட்டும், பூதமாகட்டும், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையால் யாருக்கு லாபம்? சேர்வராயன் கதை அந்தக் கேள்விக்குப் பயப்படாது. துரைசானி பயப்படுவாள்.

குழந்தைகள் படத்துக்கு இவ்வளவு பெரிய வழக்கா என்று நீங்கள் நினைப்பீர்கள். 'பேய் பிடித்தது' என்ற வார்த்தை அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை வேடிக்கையாக இருக்கலாம். நம் ஊரில் அது வேடிக்கை அல்ல. வீட்டில் ஒரு பெண் எதிர்த்துப் பேசினாலும், தனியாகச் சிரித்தாலும், சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும், டாக்டரிடம் போவதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிடுகிறது. அப்புறம் வேப்பிலை, சாட்டை, சங்கிலி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த ஊருக்கு நோயாளிகளை அழைத்து வந்தவர்களில் பலர், பிடித்திருப்பது நோய் என்று நினைக்காதவர்கள். அந்தத் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, யோசிக்கத் தெரிந்த ஒரே பெண்ணைப் பேய் பிடித்து ஆட்டுவதை நான் விளையாட்டாகப் பார்க்க மாட்டேன்.

இன்னொரு வாதம் உண்டு. அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 'நம் பேய்ப் படங்களில் பேய் நல்லது செய்கிறதே! 2011-இல் வந்த காஞ்சனாவில், நிலத்தைப் பறிகொடுத்து உயிரையும் பறிகொடுத்தவர்தானே ஆவியாக வந்து பழிவாங்குகிறார்? அதிலும் நிலத் திருட்டு அம்பலமாகிறதே?' என்று கேட்பார்கள். ஆகிறது. திருநங்கை ஒருவரை மதிப்போடு காட்டிய அந்தப் படத்தின் நல்ல எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நியாயம் செத்தவரின் பொறுப்பு ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேலை இல்லை. பத்திரத்தைப் பார்க்க வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டாம். ஆவி வந்து பார்த்துக்கொள்ளும். நில அபகரிப்புக்காரர்கள் இப்படிப்பட்ட படங்களுக்குக் குடும்பத்தோடு போய்க் கைதட்டலாம். செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எல்லோரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கூபி டூ கார்ட்டூனில் கணக்கைத் தீர்ப்பவர்கள் உயிரோடு இருக்கும் நாலு பிள்ளைகள், அதிலும் பயந்து நடுங்கிக்கொண்டே தீர்ப்பவர்கள். அதுதான் அதன் பெருமை.

'ஒவ்வொரு வாரமும் ஒரே முடிவு என்றால் சலிக்காதா?' என்று தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குச் சலிக்கலாம். குழந்தைக்கு ஒரே கதையை நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வார்த்தை மாறினால் சண்டைக்கு வரும். 'ஈரெண்டு நாலு' என்பதும் ஒரே முடிவுதான். சலிக்கிறது என்பதற்காக ஒரு தடவை ஐந்து என்று சொல்லிக் கொடுப்போமா?

இந்தப் படங்களைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. தடை செய்தால் அவற்றுக்கு இல்லாத மதிப்பு வந்துவிடும். குழந்தைகள் பார்க்கட்டும். ஆனால் பழைய 25 கதைகளையும் முதலில் பார்க்கட்டும். அதற்குப் பிறகு புதிய படங்களைப் பார்த்தால், எட்டு வயதுப் பெண்ணே எது பொய் என்று கேட்டுவிடுவாள். நம் டெலிவிஷன்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இரவு ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் பாம்பும் கம்ப்யூட்டர் ஆவியும் காட்டுவதற்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு மலை, ஒரு பங்களா, நாலு பிள்ளைகள், ஒரு தெரு நாய் இவற்றை வைத்து ஒரு கதை எடுங்கள். மலை வேண்டுமானால் ஏற்காடு இருக்கிறது. பேயாக வருவதற்கு ஆசாமிகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. நிலப் பத்திரங்களைப் புரட்டினால் போதும், வேண்டிய மட்டும் கிடைப்பார்கள்.

கார்ட்டூனில் ஒரு வழக்கமான வேடிக்கை உண்டு. ஓடுகிற அவசரத்தில் வெல்மாவின் கண்ணாடி கழன்று விழுந்துவிடும், அது இல்லாமல் அவளுக்கு எதுவும் தெரியாது, தரையெல்லாம் தடவுவாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியவர்களான நாம், தயவுசெய்து, கண்ணாடியை மிதித்துவிடாமல் எடுத்து அவள் கையில் கொடுப்போம்.